எலக்ட்ரிக் கார் வாங்கப் போகிறீர்களா? கன்னை விட்டுவிட்டு அதன் பின்னால் இருப்பதைப் பாருங்கள்

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வீடு, வேலை தஞ்சாவூரில், தினமும் போய்வர 80 கிலோமீட்டர் சொச்சம், மாதத்துக்கு ஒரு தடவை சென்னை. ஷோரூமில் டைப் 2, சிசிஎஸ்2, 3.3, 7.2 என்று அடுக்கிவிட்டார்கள், மச்சானோ டாக்சிக்கு ஓடிய பழைய எலக்ட்ரிக் கார் ஒன்று மலிவாக வருகிறது, கன் (காரில் செருகுகிற சார்ஜ் கேபிளின் முனை) சேராவிட்டால் அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார், யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கும்பகோணம், தஞ்சாவூர் சுற்றுவட்டாரத்தில் வீட்டு ஒயரிங்கும் கார் சார்ஜர் மாட்டுகிற வேலையும் செய்கிறவன் நான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். புதுக் கார் வாங்குகிறவருக்கு இந்தியாவில் கன் குழப்பம் கிட்டத்தட்ட முடிந்துபோன கதை. டாடா, மஹிந்திரா, ஹூண்டாய், பிஒய்டி, 2025-ல் இங்கே விற்க ஆரம்பித்த டெஸ்லா வரைக்கும் எல்லாரும் ஒரே மாதிரி ஓட்டையைத்தான் வைக்கிறார்கள். மூடியைத் திறந்தால் மேலே வட்டமாக, தலைப்பக்கம் மட்டும் தட்டையாக, ஏழு பின்னுக்கு இடம் வைத்த ஒரு பகுதி. அது டைப் 2, வீட்டில் வருகிற ஏசி கரண்டுக்கு. அதற்குக் கீழே தடித்த இரண்டு பின். அவை வெளியே வேகமாக ஏற்றுகிற சார்ஜர்கள் கொடுக்கும் டிசி கரண்டுக்கு. மேலும் கீழும் சேர்ந்த மொத்த உருவத்துக்குத்தான் சிசிஎஸ்2 என்று பெயர். ஆக, "இந்தக் கார் டைப் 2-ஆ சிசிஎஸ்2-ஆ" என்று கேட்டால் பெரும்பாலான கார்களுக்குப் பதில் "ரெண்டும்தான்". ஐரோப்பிய யூனியன் 2014-ல் இதையே பொதுவாக எடுத்துக்கொண்டது, நாமும் அந்த வழியில் போய்விட்டோம். அமெரிக்காவில் டெஸ்லாவின் சின்னக் கன்னுக்கு எல்லாக் கம்பெனிகளும் மாறுவதாக வீடியோ பார்த்துவிட்டுக் கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அந்த ஊர் சமாச்சாரம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் ஞாபகம் வையுங்கள். 2023-ல் வந்த எம்ஜி காமெட்டில் மேல் பாதி மட்டும்தான், கீழே அந்த இரண்டு பின் கிடையாது. ஊருக்குள் ஓட்ட நல்ல வண்டி, ஆனால் ஹைவேயில் நிற்கிற டிசி சார்ஜரில் அதைச் செருக முடியாது. மாதா மாதம் சென்னை போகிற உங்களுக்கு அது ஆகாது. எந்தக் காரைப் பார்த்தாலும் மூடியைத் திறக்கச் சொல்லி, கீழே இரண்டு பின் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள், விற்பனைப் பையன் வாயைப் பார்க்க வேண்டாம். சில மாடல்களில் விலை குறைந்த வேரியன்டுக்கு ஒன்று, கூடினதற்கு ஒன்று என்று வைத்திருப்பார்கள்.

சரி, கன் ஒன்றுதான் என்றால் ஒருத்தர் கார் ராத்திரியில் நிரம்புகிறது, இன்னொருத்தருக்கு மறுநாள் மத்தியானம் வரை இழுக்கிறது, ஏன்? பேட்டரிக்குள் போகிற கரண்டு டிசி. வீட்டில் வருவது ஏசி. நடுவில் மாற்றிக் கொடுக்கிற ஒரு பெட்டி வேண்டும், அது காருக்குள்ளேயே இருக்கிறது, ஆன்போர்டு சார்ஜர் என்பார்கள். சுவரில் மாட்டுகிறோமே, அதை எல்லாரும் சார்ஜர் என்று சொன்னாலும் உண்மையில் அது பாதுகாப்போடு கூடிய ஒரு சுவிட்ச்தான். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் மதகு விடுகிற அளவுதானே வயலுக்குப் பாயும், இங்கே மதகு காருக்குள் இருக்கிறது. ஷோரூமில் சொன்ன 3.3, 7.2 என்பவை இந்தப் பெட்டியின் கிலோவாட் அளவு. 3.3 பெட்டி உள்ள காரை 22 கிலோவாட் சுவர்ப்பெட்டியில் மாட்டினாலும் 3.3-க்கு மேல் ஒரு துளி ஏறாது. டாடா டியாகோ மாதிரி ஒரே காரிலேயே வேரியன்டைப் பொறுத்து 3.3, 7.2 என்று இரண்டும் வந்திருக்கின்றன. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், வாங்கும்போதே முடிவு பண்ண வேண்டியது இது.

இன்னொன்று. டைப் 2-வில் மூன்று ஃபேஸுக்கும் பின் இருக்கிறது என்பதற்காகக் கார் மூன்றையும் எடுக்கும் என்று அர்த்தமில்லை. இங்கே விற்கிற 7.2 கார்கள் எல்லாம் ஒரே ஃபேஸில் 32 ஆம்ப் எடுப்பவை. மஹிந்திராவின் பிஇ 6 மாதிரி 11.2 கிலோவாட் வசதி உள்ளவைதான் மூன்று ஃபேஸையும் பயன்படுத்தும். உங்கள் பட்ஜெட் காருக்கு 11 கிலோவாட் சுவர்ப்பெட்டியோ 22-ஓ வாங்குவது தண்டச் செலவு.

இப்போது உங்கள் கணக்கு. ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 80 கிலோமீட்டருக்குப் பதினொன்று, பன்னிரண்டு யூனிட். வழியில் சூடாகிப் போகிறதையும் சேர்த்தால் மீட்டரில் 13 யூனிட் ஓடும். காரோடு கொடுக்கிற கையடக்கச் சார்ஜர் வீட்டு 15 ஆம்ப் பிளக்கில் ஏறக்குறைய 3 கிலோவாட் எடுக்கும், அதாவது நாலரை மணி நேரம். சாயங்காலம் லோ வோல்டேஜில் 180-க்கு இறங்கினாலும் ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தால் போதும். உங்கள் தினசரி ஓட்டத்துக்கு 7.2 சுவர்ப்பெட்டி தேவையே இல்லை என்பது என் கருத்து. அந்தப் பெட்டி விற்றால் எனக்குத்தான் வேலை, ஆனாலும் இதைத்தான் சொல்வேன். சென்னையிலிருந்து காலி பேட்டரியோடு ராத்திரி வந்து விடியற்காலை மறுபடி கிளம்ப வேண்டிய ஆட்களுக்குத்தான் அது. காரில் உள்ள பெட்டியை மட்டும் 7.2-ஆக வாங்கி வையுங்கள், வெளியூரில் ஓட்டலில் தங்கும்போது உதவும்.

பில்லையும் யோசியுங்கள். தினம் 13 யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் வேலை நாட்களுக்கு மட்டும் 650 யூனிட் வரும், ஏற்கனவே ஓடுகிற ஏசி, ஃபிரிட்ஜோடு சேர்ந்து 500-ஐத் தாண்டி மேல் படிக்குப் போய்விடும். பெட்ரோலோடு பார்த்தால் அப்போதும் லாபம்தான், ஆனால் ஷோரூமில் சொல்கிற "கிலோமீட்டருக்கு இத்தனை பைசா" கணக்கை அப்படியே நம்பாதீர்கள். அப்புறம் ஒன்று, கேட்பீர்கள் என்று தெரியும்: கொல்லையில் இருக்கிற பம்புசெட்டின் இலவச சர்வீஸில் காரைப் போடலாமா? கூடாது. அது விவசாயத்துக்குக் கொடுத்த கரண்டு, பிடித்தால் அபராதம். வீட்டு சர்வீஸில் சொந்தக் காருக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை, தனி மீட்டர் வாங்கியாக வேண்டும் என்பதும் இல்லை.

எங்கள் வேலையில் வருகிற புகாரில் பெரும்பங்கு கன்னைப் பற்றியது இல்லை, எர்த் பற்றியது. புதுக் காரைக் கொண்டுவந்து ஆசையாகப் பிளக்கில் போடுவார்கள், கேபிள் நடுவில் இருக்கிற சின்னப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், கார் கெட்டுப்போய்விட்டது என்று ஷோரூமுக்குப் போன் போடுவார்கள். கார் நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பெட்டி கரண்டை விடுவதற்கு முன்னால் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும், இல்லை என்றால் வேலை செய்ய மறுக்கும். நம் பக்கத்து வீடுகளில் எர்த் குழி என்று ஒன்று வீடு கட்டியபோது போட்டதோடு சரி, அதன்பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டெல்டா களிமண் ஈரமாக இருக்கிறவரை அருமையான எர்த். சித்திரை, வைகாசியில், மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்னால், அதே மண் பாளம் பாளமாக வெடித்து, குழிக்குள் இறக்கிய எர்த் குழாயை விட்டு விலகி நிற்கும். நான் பார்த்த வரை இந்தச் சிவப்பு விளக்குப் போன்கள் அந்த மாதங்களில்தான் கூடுதலாக வருகின்றன. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் வேறு கதை, உப்புக் காற்றிலும் உப்புத் தண்ணீரிலும் ஜிஐ குழாயே துருப்பிடித்துப் போய்விடும்.

சோதிப்பது சுலபம். மல்டிமீட்டரை வைத்து அந்தப் பிளக்கில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் எவ்வளவு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் எவ்வளவு என்று பாருங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் வந்தால் சந்தேகப்பட வேண்டும். புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாயைச் சுற்றி வாரம் ஒரு முறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சிலர் இதற்குக் குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். சாக்கெட்டுக்குள்ளேயே எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவார்கள், பெட்டி ஏமாந்து பச்சை விளக்கு காட்டும், "பார்த்தீங்களா, சரியாப் போச்சு" என்று கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். தயவுசெய்து இதை அனுமதிக்காதீர்கள். போஸ்டிலிருந்து வருகிற நியூட்ரல் எங்காவது அறுந்தால், காற்றடிக்கிற நம் ஊரில் அது நடக்காத விஷயம் இல்லை, வீட்டுக்குள் ஓடுகிற ஃபேன், ஃபிரிட்ஜ் வழியாக அந்த நியூட்ரலுக்கு ஃபேஸ் திரும்பி வரும். அது எர்த் பின்னில் ஏறும், அங்கிருந்து கார் பாடிக்கு. கதவைத் தொடுகிறவர் ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டில் இப்படிச் சேர்த்து வைத்திருந்ததைப் பிரித்துப் போட்டபோது, "ஓடிக்கிட்டிருந்ததைக் கெடுத்துட்டீங்களே" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்கள்.

பிளக்கும் சாதாரண விஷயம் இல்லை. மிக்சி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் பத்து நிமிஷம் ஓடும், கார் ஐந்தாறு மணி நேரம் நிற்காமல் 15 ஆம்ப் இழுக்கும். மலிவான சாக்கெட்டில் பின் லேசாக லூஸாக இருந்தால் போதும், ராத்திரியோடு ராத்திரியாக உருகிவிடும். மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், லோடு மீறினால் விழுகிற தனி 20 ஆம்ப் எம்சிபி, கரண்டு கசிந்தால் அணைக்கிற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, நல்ல சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், 5 ஆம்ப் பிளக்கில் 15 ஆம்பைச் செருகுகிற கன்வர்ட்டர் வேண்டவே வேண்டாம். முதல் ராத்திரி ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பிறகு என்றைக்காவது 7.2 மாட்டினால் 6 சதுர மில்லிமீட்டராவது வேண்டும், தூரம் அதிகமானால் 10. லோடு 4 கிலோவாட்டைத் தாண்டுவதால் இபியில் த்ரீ ஃபேஸ் சர்வீஸ் கேட்க வேண்டிவரும். த்ரீ ஃபேஸ் வந்தாலும் நம் பக்கம் ஒரு ஃபேஸ் போய் இரண்டு மட்டும் வருகிற நாட்கள் உண்டு, உங்கள் கார் மாட்டியிருப்பது போன ஃபேஸாக இருந்தால் காலையில் பேட்டரி அப்படியே இருக்கும். அதற்கு ஒரு ஃபேஸ் செலக்டர் சுவிட்ச் போட்டுக்கொள்ளலாம், 32 ஆம்பைத் தாங்குகிறதாகப் பார்த்து.

ஜெனரேட்டரில் ஓடும்போது ஓட்டலில் சார்ஜ் ஏறாமல் சண்டை போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கேயும் விஷயம் பெரும்பாலும் இதேதான், பல ஜென்செட்களில் நியூட்ரலை எர்த்தோடு கட்டியிருக்க மாட்டார்கள், அதனால் பெட்டிக்கு எர்த் தெரியாது.

அடுத்தது மழை. ஐப்பசி, கார்த்திகையில் வெளியே நிற்கிற காருக்குச் சார்ஜ் போடலாமா என்று கேட்காத ஆள் இல்லை. போடலாம், இதில் கன்னை வடிவமைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். டைப் 2-வில் கரண்டு பின்களைத் தவிர இரண்டு சின்னப் பின்கள் இருக்கின்றன. ஒன்று, கன் செருகியிருக்கிறதா, கேபிள் எத்தனை ஆம்ப் தாங்கும் என்று சொல்வது. இன்னொன்று பைலட் பின், காரும் சார்ஜரும் பேசிக்கொள்கிற ஒயர். அதில் நொடிக்கு ஆயிரம் துடிப்பு போகும், துடிப்பின் அகலத்தை வைத்து எத்தனை ஆம்ப் எடுக்கலாம் என்று கார் புரிந்துகொள்ளும். பாதிக்குச் சற்று மேல், 53 சதவீதம், இருந்தால் 32 ஆம்ப், கால்வாசி சொச்சம் என்றால் 16. கார் "நான் தயார்" என்று பதில் சொன்ன பிறகுதான் கன் முனைக்குக் கரண்டே வரும், கையில் வெறுமனே பிடித்திருக்கிற கன்னில் ஒன்றும் இருக்காது. செருகும்போது எர்த் முதலில் தொடும், பைலட் கடைசியில். பிடுங்கும்போது பைலட் முதலில் விலகும், கரண்டு நின்றுவிடும், எர்த் கடைசியில் விலகும். ஆக மழைத்தூறலுக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது சுவர்ப் பக்கத்து 15 ஆம்ப் பிளக்குக்குத்தான், அதற்கு இந்தப் புத்தியெல்லாம் கிடையாது. அதைச் சாரல் படாத இடத்தில் வையுங்கள், கையடக்கப் பெட்டியைத் தரையில் போடாமல் ஆணியில் மாட்டுங்கள், வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தால் அன்றைக்குச் சார்ஜே வேண்டாம்.

சென்னைப் பயணம். விக்கிரவாண்டி வழியாகப் போனாலும் திருச்சி வழியாகப் போனாலும் 300 கிலோமீட்டருக்குக் குறையாது, வழியில் ஒரு தடவையாவது டிசி போட வேண்டும். டிசி சார்ஜரில் ஏசியை மாற்றுகிற பெட்டி வெளியே, அந்த அலமாரி மாதிரி நிற்கிறதே அதற்குள் இருக்கிறது, காரின் 3.3, 7.2 எதுவும் இங்கே பேச்சில்லை. பலகையில் 60 கிலோவாட், 120 கிலோவாட் என்று போட்டிருக்கும். அது சார்ஜரால் முடிந்த உச்சம், எவ்வளவு எடுப்பது என்று சொல்வது கார்தான். பழைய டாடா நெக்ஸானை 120-ல் போட்டாலும் 30-ல் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது, ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே அந்த 120 இடத்தை வேகமாக எடுக்கிற வண்டிக்கு விட்டுக்கொடுத்தால் புண்ணியம். ஒரே சார்ஜரில் இரண்டு கன் தொங்கினால் 60 என்பது இரண்டு கார் நிற்கும்போது முப்பது முப்பதாகப் பிரியலாம். 80 சதவீதத்துக்கு மேல் எந்தக் காரும் மெதுவாகிவிடும், நூறு வரை உட்கார்ந்திருக்காதீர்கள். கிளம்பும் முன் அந்தந்த ஆப்பில் பணம் போட்டு வையுங்கள். சார்ஜர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அன்றைக்கு யாராவது அதில் சார்ஜ் போட்டார்களா என்றும் பாருங்கள், வரைபடத்தில் பச்சையாகத் தெரிந்தும் போய்ப் பார்த்தால் செத்துக் கிடக்கிற சார்ஜர்கள் உண்டு.

சில பழைய நிலையங்களில் யாரும் தொடாத கன்கள் தொங்குவதைப் பார்ப்பீர்கள். 2018 டிசம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலில் ஒரு பொது நிலையம் சிசிஎஸ், ஜப்பான்காரர்களின் சாடெமோ, டைப் 2, நம் நாட்டுக்கென்று வகுத்த பாரத் டிசி-001, பாரத் ஏசி-001 என்று ஐந்தையும் வைக்க வேண்டும் என்றிருந்தது. 2019 அக்டோபரில்தான் வேண்டியதை வைத்துக்கொள்ளுங்கள் என்று தளர்த்தினார்கள்.

மச்சானின் கார் அந்தக் காலத்து வாரிசு. 2017-ல் மத்திய அரசின் இஇஎஸ்எல் நிறுவனம் 10,000 எலக்ட்ரிக் கார்களுக்கு டெண்டர் விட்டபோது டாடா டிகோரும் மஹிந்திரா இ-வெரிட்டோவும் வந்தன. அவற்றின் வேகச் சார்ஜ் பாரத் டிசி-001, சீனாவின் ஜிபி/டி கன், உச்சமே 15 கிலோவாட். அடாப்டர் வாங்கலாம் என்பது ஏன் நடக்காது என்றால் பிரச்சினை கன்னின் உருவத்தில் மட்டும் இல்லை. அந்தக் கார்களின் பேட்டரி 72 வோல்ட். நெக்ஸான் மாதிரி கார்களுக்கு 300 வோல்ட்டுக்கு மேல், ஹைவே சார்ஜர்கள் அதற்காகச் செய்தவை, 72-க்கு இறங்கியே வராது. போதாததற்குப் பேச்சும் வேறு: சிசிஎஸ் அந்தப் பைலட் ஒயரிலேயே டிஜிட்டலாகப் பேசும், ஜிபி/டிக்கு கேன் என்கிற தனி ஒயர் வேண்டும். வீட்டில் மெதுவாக ஏற்றி மன்னார்குடிக்குள்ளேயே ஓட்டுவதற்குச் சரி, தேய்ந்த பேட்டரியோடு தினம் 80 கிலோமீட்டருக்கும் சென்னைக்கும் சரிவராது. பழைய கார்தான் வேண்டும் என்றால் சிசிஎஸ்2 உள்ள செகண்ட் ஹேண்ட் நெக்ஸான் பாருங்கள், 2020-லிருந்து ஓடுகிறது.

அதே டைப் 2 ஓட்டையிலிருந்து கரண்டை வெளியே எடுக்கிற வசதியும் சில கார்களில் வந்துவிட்டது, 2023 நெக்ஸானில் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த நமக்கு இதன் அருமை தெரியும், ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் தாராளமாக ஓடும். ஆனால் காரிலிருந்து வருகிற கரண்டை மீட்டர் போர்டில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், லைனில் ஏறி வேலை செய்கிற இபி ஆள் உயிருக்கு ஆபத்து. எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து நேராகச் சாமானை மாட்டுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டெலிவரி எடுக்கிற அன்றைக்கு, மாலை போட்டுத் தேங்காய் உடைத்து எல்லாம் ஆன பிறகு ஒன்று செய்யுங்கள். சார்ஜ் ஏறும்போது கார் கன்னைப் பூட்டிக்கொள்ளும், யாரும் திருட முடியாது, நல்லதுதான். சில நேரம் திறக்க மறுத்து அடம்பிடிக்கும். காரைப் பூட்டித் திறந்தால் பெரும்பாலும் விட்டுவிடும், விடாவிட்டால் இழுக்க ஒரு சின்னக் கயிறு பல கார்களில் டிக்கியிலோ பானெட்டுக்குள்ளோ ஒளிந்திருக்கும். அது எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, நீங்களே ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.